சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்றவன்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் காதுக்காரனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. இருநூற்று நாற்பது தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் இரைகிற கூடத்துக்குள் வாசற்படியைத் தாண்டி வருவான், ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பான், பிறகு கையை நீட்டுவான். "மூணாவது வரிசை, ஏழாவது மெஷின். ஹூக்கு உரசுது." போய்ப் பார்த்தால் உரசிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மெஷின் தலையில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்பான். அவ்வளவுதான், உள்ளே பல்சக்கரத்தில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

அவனுடைய அப்பா பேருந்து நடத்துநர். நான்கு பிள்ளைகளில் இவன் கடைசி. மூத்த இரண்டு அண்ணன்களும் கல்யாணமானதும் மாமனார் வீட்டுப் பக்கமே போய்விட்டார்கள். தாய் போனபோது இவனுக்கு ஒன்பது வயது. அப்புறம் இவனை வளர்த்தது மூன்றாவதாகப் பிறந்த அக்கா. அந்த அக்கா இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து தம்பி வீட்டைப் பார்வையிடுவாள். பார்வையிடுவது என்றால் பானை மூடியைத் தூக்கிப் பார்ப்பது வரைக்கும்.

வேலையில் அவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. மெஷின் சத்தம் போட்டால் கவனிக்க வேண்டும், சத்தம் நின்றால் கையை எடுத்துவிட வேண்டும். ஓடுகிற மெஷினுக்கு மேலும் மேலும் எண்ணெய் விட்டால் துணியில் கறை ஏறும். புதிதாக வருகிற மெக்கானிக்குகள் அப்படிச் செய்தால் கெட்ட கோபம் வரும் அவனுக்கு.

அவனுக்குப் பெண்டாட்டியாக வந்தவளும் அதே கூடத்துக்காரிதான். இரண்டாவது வரிசையில் காலர் தைப்பாள். அங்கே ஆட்களை அவரவர் தைக்கிற உறுப்பை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பாக்கெட்டுக்காரி, கைக்காரி, காஜாக்காரி என்று. இவள் காலர்க்காரி. கல்யாணத்துக்கு முந்திய வருஷம் அந்தக் கூடத்திலேயே அதிகம் பழுதான மெஷின் அவளுடையதுதான்.

"அண்ணே, என் மெஷின்ல ஏதோ சத்தம் வருது."

"ஒண்ணும் இல்லையே."

"நல்லாக் காது குடுத்துக் கேளுங்க. தூரத்துல நின்னா எப்படிக் கேக்கும்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பக்கத்து மெஷின் காஜாக்காரி, "அவ உங்கள அண்ணேன்னு கூப்பிடறதுதான்யா பழுது, அத மொதல்ல சரி பண்ணுங்க" என்றாள். ஆவணியிலோ தையிலோ என்று நாள் பார்க்காமல், ஆலை விடுமுறை விட்ட ஒரு வாரத்தில் கல்யாணம் முடிந்தது. காலர்க்காரிக்கு அப்பா இல்லை. முன்னின்று நடத்தியது அவளுடைய அண்ணன். லாரியில் சரக்கு ஏற்றி இறக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. கை முரடு, மனசு இளக்கம். தங்கச்சியைக் கையில் பிடித்துக் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் தோளைப் பிடித்த பிடியில் மூன்று நாள் வலி இருந்தது.

ஆறு வருஷம் நன்றாக ஓடியது என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை கரு தரித்து இரண்டும் தங்கவில்லை. அதற்கு அக்கா ஒரு காரணம் சொன்னாள், பக்கத்து வீடு ஒரு காரணம் சொன்னது. ஏழாவது வருஷம் காலர்க்காரியின் விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. பத்து மணி வரைக்கும் ஊசியில் நூல் கோக்க முடியாது. வெயிலில் நடந்து வந்தால் இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் யாரோ அறைந்தது போலச் சிவந்து கிடக்கும். சீப்பில் முடி கொத்தாக வரும். மெஷினில் குனிந்தே கிடந்தால் இப்படித்தான் ஆகும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

பிறகு நெஞ்சு வலி வந்தது. அது ஒரு விசித்திரமான வலி. மல்லாந்து படுத்தால் மார்பின் நடுவில் கத்தி இறங்கும். மூச்சை உள்ளே இழுத்தால் கத்தி திரும்பும். எழுந்து உட்கார்ந்து முன்பக்கமாகக் குனிந்தால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். தையல் மெஷின் முன்னால் உட்காருவதும் அதே குனிவுதான். ஆகவே ஆலையில் இருக்கிற எட்டு மணி நேரமும் அவளுக்கு வலி பெரிதாக இல்லை. வீட்டுக்கு வந்து சாய்ந்தால் உயிர் போனது.

அக்கா இதைக் கவனித்துவிட்டாள்.

"ஏன்டா, உன் பொண்டாட்டிக்கு ஃபேக்டரின்னா நெஞ்சு வலிக்காது, வீடுன்னா வலிக்குமா? என்ன நெஞ்சுடா அது, ஷிஃப்டு பாத்து வலிக்குது?"

"சும்மா இருக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். துணி ஊறப் போட்டது ஊறியபடியே இருக்குதே, அதத்தான் கேட்டேன்."

காலர்க்காரி ஊறிய துணியை எடுத்துத் துவைக்கப் போனாள். அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேலை செய்தால் போகிறது, ஓய்வெடுத்தால் வருகிறது, அப்படி ஒரு நோய் உண்டா? தெருமுனை டாக்டர் வாய்வு என்றார். பாட்டில் பாட்டிலாக இளஞ்சிவப்பு மருந்து குடித்தாள். ஏழு மாதம் அப்படியே போயிற்று. கடைசியில் சுவரில் சாய்ந்துகூட உட்கார முடியாமல், சாப்பாட்டு மேஜைமேல் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடி தூங்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த அன்று காலையிலேயே காதுக்காரன் லீவு சொல்லிவிட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

அங்கே இருந்த டாக்டரம்மா அவளைப் படுக்கச் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார வைத்து, "முன்னால குனிங்க. மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லி, மார்பெலும்புக்கு இடப்பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தி வைத்துக் கேட்டாள். அவள் முகம் மாறியதைக் காதுக்காரன் பார்த்தான். தேய்ந்த பல்லைக் கண்டுபிடிக்கும்போது தன் முகம் எப்படி மாறுமோ அப்படி.

"என்ன சத்தம் டாக்டர்? எனக்குச் சத்தம்னாப் புரியும். நான் மெக்கானிக்."

டாக்டரம்மா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு குழாயை அவன் காதில் மாட்டிவிட்டாள்.

லப் டப்புக்கு மேலே இன்னொரு சத்தம் இருந்தது. புதுத் தோல் செருப்பு போட்ட ஒருவன் உள்ளே ஓயாமல் நடப்பது போலக் கரக், கரக்கென்று. ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை, சில துடிப்புக்கு மூன்று. காதுக்காரன் குழாயைக் கழற்றினான். "உரசுது" என்றான்.

"ஆமா. இதயம் ஒரு பைக்குள்ள உக்காந்திருக்கு. அந்தப் பை ரெண்டு சவ்வு. நடுவுல ஒண்ணு ரெண்டு கரண்டி தண்ணி இருக்கும், வழுக்கிக்கிட்டு ஓட. இவங்களுக்குச் சவ்வு வீங்கி, சொரசொரப்பாகி, ஒண்ணோட ஒண்ணு உரசுது."

"அப்ப எண்ணெய் இல்லாம தண்டு சுத்தற புஷ் மாதிரி."

"கிட்டத்தட்ட" என்றாள் டாக்டரம்மா. அந்தக் கிட்டத்தட்டவை அவன் காதில் வாங்கவில்லை.

ஈ.சி.ஜி எடுத்தார்கள். எக்கோ எடுத்தார்கள், பைக்குள் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, இப்போதைக்குப் பயமில்லை என்றார்கள். ரத்தமும் சிறுநீரும் கொடுத்து எட்டு நாள் கழித்துப் போனபோது டாக்டரம்மா கன்னச் சிவப்பு, விரல், முடி, தங்காத இரண்டு கரு எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்துக் காட்டினாள். வெளியே இருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கிறது. லூபஸ் என்று பெயர். மூட்டை அடித்தது, தோலை அடித்தது, இப்போது இதயத்தின் உறையை அடிக்கிறது. சிறுநீரகத்தையும் லேசாகத் தொட்டிருக்கிறது.

"முழுசாப் போகாது. ஆனா அடக்கி வைக்கலாம்" என்று சொல்லி மூன்று விதமான மாத்திரை எழுதினாள். அதில் ஸ்டீராய்டைப் பேனாவால் இரண்டு தடவை வட்டமிட்டாள். "இத நானாக் குறைக்கச் சொல்ற வரைக்கும் ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது. நல்லா இருந்தாலும் நிறுத்தக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்று இருவரும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காலர்க்காரி மல்லாந்து படுத்துத் தூங்கினாள். ஏழு மாதத்துக்கு அப்புறம். காதுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த வாரமே மருந்துக் கடையில் சொந்தமாக ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கி வந்தான். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து கைகால் கழுவியதும் அவளை நாற்காலியில் உட்கார வைத்துக் குனியச் சொல்லிக் கேட்பான்.

"என்ன சொல்லுது என் மெஷின்?" என்பாள் அவள்.

"பேசாத. மூச்ச நிறுத்து."

"பேசினா மூச்சு, பேசலைன்னா சந்தேகம். நல்ல மெக்கானிக்குக்கு வாக்கப்பட்டேன்."

நெஞ்சுக்குள் இருந்த செருப்புக்காரன் வாரத்துக்கு வாரம் மெதுவாக நடந்தான். ஆறாவது வாரம் ஒரு சாயங்காலம் அவன் நடக்கவே இல்லை. காதுக்காரன் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். லப் டப், லப் டப். வேறொன்றும் இல்லை. குழாயைக் கழற்றிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டான்.

மாத்திரைக்கு வேறு குணமும் இருந்தது. அவள் முகம் உருண்டு போயிற்று. கழுத்துக்குப் பின்னால் சதை வைத்தது. கை நடுங்கிக் காலர் முனை கோணியது. தையல் வரிசையில், "என்னடி, புருஷன் உன்ன நல்லாக் காத்து அடிச்சு வெச்சிருக்கார்" என்று சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தாள். அதை அவனிடம் சொன்னாள்.

அவன் யோசித்தான். உரசல் இருந்தது, எண்ணெய் விட்டார்கள், உரசல் நின்றது. இன்னும் எதற்கு எண்ணெய்? முகம் வீங்குவதும் கை நடுங்குவதும்தான் கறை. கறை ஏறுகிறது என்றால் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம்.

"நிறுத்திடலாம்" என்றான்.

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே? அடுத்த வாரம் போகணுமே."

"அவங்க மாசத்துக்கு ஒரு தடவ கேக்கறாங்க. நான் தெனம் கேக்கறேன். எனக்குத் தெரியாதா?"

அவள் அவனைப் பார்த்தாள். இருநூற்று நாற்பது மெஷின்களில் அந்தக் காது ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அவளுக்கு அது தெரியும். மாத்திரை அட்டைகளை அவனே எடுத்துப் பீரோவின் மேல்தட்டில் வைத்தான். அடுத்த வாரம் ஆலையில் ஏற்றுமதி அவசரம், ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் செருப்புக்காரன் திரும்ப வந்தான். முன்னைவிட மெல்லிசாக, தூரத்தில். காதுக்காரன் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குக் கேட்டுப் பார்ப்போம் என்றிருந்தான். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாள் இல்லை.

"ரெண்டு நாளா மறுபடி உரசிச்சு. பாத்தியா, தானா அடங்கிடுச்சு" என்றான்.

"திரும்ப வந்த வலியும் விட்டுப் போச்சுங்க" என்றாள் அவள். அது உண்மை. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. செருப்புக்குள் கால் நுழையவில்லை. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்து நின்றது. ஸ்டெதாஸ்கோப்பில் லப் டப் சத்தமே தள்ளிப் போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மெத்தையைத் தட்டுவது போலக் கேட்டது. நல்ல மெஷின் அப்படித்தான் ஓடும், சத்தமே தெரியாமல். காதுக்காரன் அதற்குச் சந்தோஷப்பட்டான்.

நான்காம் நாள் காலை பத்தரை மணிக்கு, காலரைத் திருப்பிப் போடும்போது அவள் மெஷின்மேல் அப்படியே சாய்ந்தாள். பெடலில் இருந்து கால் எடுபடவில்லை. ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. காஜாக்காரி போட்ட கூச்சலில் காதுக்காரன் ஓடி வந்தான். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. நாடி கைக்கு அகப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் மார்புக்குக் கீழே நீள ஊசியைச் செலுத்தி முக்கால் லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். பால் விடாத தேநீரின் நிறம். அது வெளியேறியதும் நாடி திரும்பியது, உதட்டின் நீலம் போயிற்று, கண் திறந்தது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"எப்படி டாக்டர்? சத்தமே இல்லையே. நாலு நாளா உரசல் சுத்தமா இல்லையே."

"எப்படி இருக்கும்? ரெண்டு சவ்வுக்கும் நடுவுல அவ்வளவு தண்ணி. ஒண்ண ஒண்ணு தொட்டாத்தானே உரசும்? சத்தம் நின்னா நல்லதுன்னு யார் சொன்னது உங்களுக்கு? வெளிய தண்ணி அமுக்க அமுக்க, இதயத்துக்கு விரியவே இடம் இல்ல. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா அவ்வளவுதான்."

காதுக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அதற்குள் மேஸ்திரி மச்சானும் அக்காவும் வந்து சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றபோது டாக்டரம்மா மாத்திரைக் கணக்கைக் கேட்டாள். இரண்டு வாரமாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது.

"யாரு நிறுத்தினது?"

காதுக்காரன் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து குரல் வந்தது. "நான்தான். மொகம் வீங்குதுன்னு நிறுத்திட்டேன். இவருக்குத் தெரியாது."

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படித்துப் படித்துச் சொன்னேனே என்றாள். சொல்லிக்கொண்டே கோப்பில் எழுதினாள். அண்ணன்காரன் தலையில் அடித்துக்கொண்டான். "அழகாடி முக்கியம்? சின்ன வயசுலேருந்தே இந்தப் பிடிவாதம்தான் உனக்கு." அக்கா தம்பியின் கையைப் பிடித்து, "நீ என்னடா பண்ணுவே பாவம்" என்றாள். காதுக்காரன் அந்தக் கையை உதறவில்லை.

எல்லோரும் போனபிறகு கேட்டான். "ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது? எங்க அண்ணன் கை உங்களுக்குத் தெரியாதா? உங்கள அடிச்சுப் படுக்க வெச்சுட்டா எனக்கு யாரு தண்ணி குடுக்கிறது? ரெண்டு கட்டில் போட இங்க எடமும் இல்ல."

"நான் சொல்லிடறேன்."

"சொல்லக் கூடாது. நான் இருக்கற வரைக்கும் சொல்லக் கூடாது." அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

மறுபடி மாத்திரைகள் தொடங்கின, முன்னைவிட அதிகமாக. வலி அடங்கியது. ஆனால் நோய் அந்த இரண்டு வாரத்தில் சும்மா இருக்கவில்லை. சிறுநீரகத்தில் பாதியைத் தின்றுவிட்டது. இதயத்தின் உறை ஆறும்போது தடித்து, இறுகி, தோல் மாதிரி ஆகிவிட்டது. விரியாத சட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி இதயம் உள்ளே திணறுகிறது என்றார்கள். அந்த உறையை உரித்து எடுக்கிற அறுவை உண்டு. ஆனால் இந்தச் சிறுநீரகத்தோடு மேஜையில் படுக்க வைத்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று பெரிய டாக்டர் கையை விரித்தார்.

பதினோரு மாதம் இருந்தாள். வயிற்றிலும் காலிலும் நீர் சேரும், மாத்திரையில் வடியும், மறுபடி சேரும். வேலைக்குப் போகவில்லை. காதுக்காரன் காலையில் அவளைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டு ஆலைக்குப் போவான், மதியம் ஓடி வந்து ஊட்டுவான், மறுபடி ஓடுவான். ஆலையில் அவன் காது கெட்டுப்போயிற்று. ஒரு மெஷினில் சத்தம் இல்லையென்றால் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தான். சத்தம் வந்தால் நிம்மதியாக இருந்தான். மேலாளர் அவனைக் கிடங்குக்கு மாற்றினார்.

தெருவில் அவனைப் பற்றி வாய்க்கு வாய் பேசினார்கள். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்றார்கள். அக்காவே ஞாயிற்றுக்கிழமை வந்து நாத்தனாராக நிற்காமல் துணி துவைத்துக் கொடுத்துவிட்டு, "பண்ணதெல்லாம் நீ, பாடு படறது அவன்" என்று காலர்க்காரியைப் பார்த்துச் சொன்னாள். காலர்க்காரி தலையை ஆட்டிக்கொண்டாள். காதுக்காரன் சமையலறைக்குள் போய் நின்றான்.

ஒரு புதன்கிழமை மதியம் அவன் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தபோது மேஜைமேல் தலையணையில் கவிழ்ந்திருந்தாள். கூப்பிட்டான். தோளைத் தொட்டான். கிண்ணத்தைக் கீழே வைக்க அவனுக்கு வெகுநேரம் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து மேஸ்திரி மச்சான் வந்தான். தங்கச்சியின் சேலைகளில் ஒன்றைத் தன் பெண்டாட்டிக்கு எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தான். காதுக்காரன் அவனை உட்கார வைத்து, எதிரில் நின்றுகொண்டு சொன்னான்.

"மச்சான், மாத்திரையை நிறுத்தினது அவ இல்ல. நான்."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தான். காதுக்காரன் எல்லாவற்றையும் சொன்னான். ஸ்டெதாஸ்கோப், செருப்புச் சத்தம், எண்ணெய், பீரோ மேல்தட்டு. சொல்லி முடித்துவிட்டு அடிக்கு நின்றான். அந்த முரட்டுக் கை தன் தாடையில் இறங்க வேண்டும் என்று பதினோரு மாதமாக அவன் காத்திருந்தான்.

மேஸ்திரி எழுந்தான். கிட்டே வந்தான். இரண்டு கையாலும் அவன் கன்னங்களைப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரியின் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"செத்தவ மேல பழி வரக் கூடாதுன்னு நீங்க ஏத்துக்கறீங்க. எனக்குத் தெரியாதா மாப்ள?"

"இல்ல மச்சான், சத்தியமா."

"அவ வாயாலயே சொன்னா. நான் பக்கத்துல நின்னேன். டாக்டரம்மா எழுதி வெச்சிருக்காங்களே, நோயாளி தானே நிறுத்தினதா. ஃபைலு உங்க வீட்டுலதானே இருக்கு, எடுத்துப் பாருங்க."

"அவ எனக்காகச் சொன்னா."

"எங்க அப்பா இருந்தாக்கூட அவள இப்படிப் பாத்திருக்க மாட்டாரு" என்றான் மேஸ்திரி. சேலையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் இறங்கி, எதிர்வீட்டுக்காரரிடம் நின்று ஏதோ சொன்னான். எதிர்வீட்டுக்காரர் காதுக்காரன் நின்ற வாசலைத் திரும்பிப் பார்த்து, மரியாதையாக ஒரு கும்பிடு போட்டார்.